எலுமிச்சையைத் தோற்கடித்த பூஞ்சை – சிட்ரிக் அமிலத்தின் கதை

வீட்டில் இருக்கும் ஜாம் பாட்டிலையோ, ஆரஞ்சு சுவை பவுடர் பாக்கெட்டையோ, ஒரு குளிர்பானத்தையோ எடுத்து லேபிளைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். பொடி எழுத்தில் 'அமிலத்தன்மை சீராக்கி (330)' என்று ஒரு வரி இருக்க வாய்ப்பு அதிகம். சில பாக்கெட்டுகளில் ஐ.என்.எஸ். 330 என்றிருக்கும். ஐரோப்பியத் தயாரிப்பாக இருந்தால் ஈ 330. எல்லாம் ஒன்றுதான். மளிகைக் கடையில் 'சிட்ரிக் ஆசிட்' என்று கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களே, அந்த வெள்ளைத் தூள்தான் இது. லெமன் சால்ட் என்று சொல்பவர்களும் உண்டு.

பெயரில் எலுமிச்சை இருக்கிறது. எலுமிச்சையின் புளிப்பும் இந்த அமிலம்தான். ஆனால் அந்தப் பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் எந்த எலுமிச்சம்பழத்தையும் பார்த்தே இருக்காது!

பிறகு எங்கிருந்து வருகிறது? ஒரு கறுப்புப் பூஞ்சையிடமிருந்து. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் எலுமிச்சை வைத்திருந்த இடத்தை அந்தப் பூஞ்சை பிடித்துக்கொண்டது. அது எப்படி நடந்தது என்பது வேதியியல் கதை போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு வியாபாரக் கதை. ஒரு பொருளின் மேல் தனக்கு மட்டுமே உரிமை என்று நினைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையைச் சுட்டுக்கொண்ட கதை.

புளிப்பைப் பிரித்தெடுத்த மருந்துக் கடைக்காரர்

18ஆம் நூற்றாண்டில் சுவீடனில் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்றொருவர் இருந்தார். தொழில், மருந்துக் கடை. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் புளிப்பாக எது கண்ணில் பட்டாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடமாட்டார். புளித்த பாலிலிருந்து 1780-ல் லாக்டிக் அமிலத்தைப் பிரித்தார். ஆப்பிளிலிருந்து 1785-ல் மாலிக் அமிலத்தை எடுத்தார். நம் வீட்டுப் புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தைத் தனியே பிரித்துக் காட்டியவரும் அவரே (அவர் எடுத்தது புளியிலிருந்து அல்ல, திராட்சை மதுப் பீப்பாய்களில் படியும் உப்பிலிருந்து).

இடையில், 1784-ல், எலுமிச்சைச் சாற்றைக் கையில் எடுத்தார். சாற்றில் சுண்ணாம்புத் தூளைப் போட்டார். சாற்றிலிருந்த அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சிட்ரேட் என்ற வெள்ளைப் படிவாக அடியில் தங்கியது. அதை மட்டும் வடித்தெடுத்து, கந்தக அமிலத்தை ஊற்றினார். சுண்ணாம்பு கந்தக அமிலத்தோடு போய்விட்டது. மிச்சம் இருந்த நீரை வற்றவைத்தபோது கண்ணாடிபோலப் படிகங்கள் கிடைத்தன. அதுதான் சிட்ரிக் அமிலம்.

இந்த வழிமுறையை மறந்துவிடாதீர்கள். கதையில் எல்லாம் மாறப்போகிறது, இது மட்டும் மாறப்போவதில்லை.

பழம் அழுகும், சாறு கெட்டுப்போகும். படிகம் கெடாது. மூட்டை கட்டலாம், கப்பலில் ஏற்றலாம், வருடக்கணக்கில் கிடங்கில் வைக்கலாம். ஒரு விளைபொருளை 'சரக்கு' ஆக்குவது என்றால் இதுதான். சுமார் 1826-ல் இங்கிலாந்தில் சிட்ரிக் அமிலத்தை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். மருந்துக்கு, துணிச் சாயத்துக்கு, பிறகு பானங்களுக்கு என்று தேவை ஏறிக்கொண்டே போனது. ஆனால் இங்கிலாந்தில் எலுமிச்சை விளையாது. மூலப்பொருள் கடல் கடந்துதான் வரவேண்டும்.

சிசிலியின் மஞ்சள் தங்கம்

வந்தது இத்தாலியின் தெற்கே இருக்கும் சிசிலித் தீவிலிருந்து. எலுமிச்சை மரத்துக்கு உறைபனி ஆகாது. ஆனால் நிறைய தண்ணீர் வேண்டும். பலர்மோ நகரைச் சுற்றியுள்ள சமவெளியும் மெஸ்ஸினா பக்கத்துக் கடற்கரையும் அதற்கு ஏற்ற இடங்கள். பிரிட்டிஷ் கடற்படை 1795-ல் மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய் வராமல் இருக்க எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தது. அதன் பிறகு எலுமிச்சைக்கு வெளிநாட்டில் மவுசு கூடியது. கோதுமையை விட எலுமிச்சையில் லாபம் பல மடங்கு என்று ஆனதும் தோட்டங்கள் பெருகின.

லாபம் அதிகம், போட்ட முதலும் அதிகம். மதில் கட்ட வேண்டும், கிணறு வெட்ட வேண்டும், வாய்க்கால் போட வேண்டும். மரம் காய்க்கச் சில வருடங்கள் காத்திருக்க வேண்டும். அவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்த பழத்தை ஒரே இரவில் ஒருவன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடலாம். அரசாங்கக் காவல் பெயருக்குத்தான். ஆகவே தோட்டக்காரர்கள் காவலுக்குத் 'தனியார்' ஆட்களை வைத்தார்கள். காசு கொடுத்தால் பாதுகாப்பு, கொடுக்காவிட்டால் சேதம். எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதல்லவா? ஆம், மாஃபியாதான். 19ஆம் நூற்றாண்டில் எலுமிச்சை, ஆரஞ்சு அதிகம் விளைந்த சிசிலி ஊர்களில்தான் மாஃபியாவின் நடமாட்டமும் அதிகம் இருந்தது என்று மூன்று பொருளியலாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அக்காலத்து அரசு விசாரணைத் தகவல்களை வைத்துக் காட்டுகிறது.

நல்ல பழம் பெட்டியில் அடுக்கப்பட்டு ஏற்றுமதியானது. சிறுத்த பழம், அடிபட்ட பழம் எல்லாம் பிழிவதற்குப் போனது. தோலிலிருந்து வாசனை எண்ணெய். சாற்றைக் காய்ச்சியோ, ஷீலே சொன்னபடி சுண்ணாம்பு சேர்த்துக் கால்சியம் சிட்ரேட்டாக்கியோ மெஸ்ஸினா துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். அங்கே இருந்த தொழிற்சாலைகள் கந்தக அமிலம் சேர்த்துப் படிகமாக்கி விற்றன.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் எலுமிச்சைச் சாற்றில் ஏறத்தாழ 50 கிராம் சிட்ரிக் அமிலம் இருக்கும். அப்படியானால் ஒரு டன் அமிலத்துக்கு 20,000 லிட்டர் சாறு. ஒரு பழத்துக்கு 40 மில்லி என்று வைத்தால்கூட 5 லட்சம் பழங்கள்! அவ்வளவு பழத்தை மலிவாகத் தர உலகில் சிசிலியை விட்டால் வேறு நாதி இல்லை. உலகச் சந்தைக்கு வந்த கால்சியம் சிட்ரேட்டில் பெரும்பகுதி இத்தாலியிலிருந்தே வந்தது. வாங்குபவர்கள் பலர், விற்பவர் ஒருவர். பொருளாதாரப் பாடத்தில் ஏகபோகம் என்ற அத்தியாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

கேட்காமல் விட்ட எச்சரிக்கை

இந்த இடத்தில் சிசிலியின் இன்னொரு சரக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கந்தகம். 19ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே கந்தகம் கொடுத்தது சிசிலிதான்.

1838-ல் அந்நாட்டு மன்னர் இரண்டாம் ஃபெர்டினாண்ட், கந்தக விற்பனை உரிமையை ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார். விலை எகிறியது. பிரிட்டன் கொதித்துப்போய் 1840-ல் போர்க்கப்பல்களை அனுப்பும் அளவுக்குப் போனது. மன்னர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். விலை இறங்கியது. பிரச்சினை முடிந்துவிட்டது என்றுதான் சிசிலியில் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. விலை ஏறியிருந்த அந்த இரண்டு வருடத்தில், கந்தக அமிலம் தயாரிக்கும் பிரிட்டிஷ்காரர்கள் பைரைட் என்ற இரும்புக் கனிமத்திலிருந்து கந்தகத்தைப் பெறப் பழகிவிட்டார்கள். பழகியவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. பின்னர் 1894-ல் அமெரிக்காவின் லூசியானாவில் ஹெர்மன் ஃப்ராஷ் என்பவர் கொதிநீரைப் பூமிக்குள் செலுத்திக் கந்தகத்தை உருக்கி மேலே கொண்டுவந்து காட்டினார். அதன் பிறகு சிசிலியின் கந்தகச் சுரங்கங்கள் நிமிரவே இல்லை.

பாடம் எளிமையானது. விலையை ஏற்றிப் பிடித்தால், வாங்குபவன் முதலில் புலம்புவான், பிறகு பணத்தைக் கொடுப்பான், அதே நேரத்தில் சத்தமில்லாமல் மாற்று வழி தேடுவான். ஆனால் கந்தகத்துக்குப் பதில் வேறு கந்தகம் கிடைக்கும், எலுமிச்சைக்கு என்ன மாற்று இருக்க முடியும் என்று நினைத்தார்களோ என்னவோ! 1908-ல் இத்தாலிய அரசு சிசிலி, கலாப்ரியா பகுதிகளின் சிட்ரேட் விற்பனையை ஒழுங்குபடுத்த மெஸ்ஸினாவில் ஒரு தனி அமைப்பையே சட்டம் போட்டு ஏற்படுத்தியது. அதே வருடம் டிசம்பர் 28 அன்று வந்த பூகம்பம் மெஸ்ஸினா நகரைத் தரைமட்டமாக்கியது. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். ஊரைத் திரும்பக் கட்டினார்கள். ஆனால் அடுத்து வந்த அடி எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

அவசரப்பட்ட ஜெர்மானியர்

கார்ல் வேமர் ஒரு ஜெர்மானிய விஞ்ஞானி. 1893-ல் அவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். சர்க்கரைக் கரைசலில் சில வகைப் பூஞ்சைகளை வளரவிட்டால், கரைசல் புளித்துப்போகிறது. சோதித்துப் பார்த்தால், அது சிட்ரிக் அமிலம்! எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம், ஒரு வித்தியாசமும் இல்லை.

உடனே தொழிற்சாலை வேலை ஆரம்பமானது. ஆனால் ஆய்வகத்தில் சொன்னபடி கேட்ட பூஞ்சை, தொழிற்சாலையில் கேட்கவில்லை. கரைசலில் வேறு நுண்ணுயிர்கள் புகுந்து கெடுத்தன. தோசை மாவு புளிக்க ஒரு இரவு போதும், இதற்கோ நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் வேண்டாத விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். சுமார் பத்து வருடம் போராடிவிட்டு முயற்சியைக் கைவிட்டார்கள். சிசிலி தப்பித்தது. ஆனால் மாற்று ஒன்று இருக்கிறது என்ற செய்தி அச்சில் வந்துவிட்டது. அதை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

புரூக்ளினில் நடந்தது

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1849-ல் ஜெர்மனியிலிருந்து வந்த சார்லஸ் ஃபைசர், சார்லஸ் எர்ஹார்ட் என்ற இரு உறவினர்கள் சேர்ந்து ஆரம்பித்த ரசாயன நிறுவனம் ஃபைசர். ஆமாம், கொரோனா தடுப்பூசி மூலம் வீட்டுக்கு வீடு தெரிந்துபோன அதே ஃபைசர்தான். 1880 வாக்கில் அவர்களுடைய முக்கியச் சரக்கு மருந்தல்ல, சிட்ரிக் அமிலம். இத்தாலியிலிருந்து சிட்ரேட் வாங்கி, படிகமாக்கி விற்றார்கள். அமெரிக்காவில் சோடா பானங்கள் பெருகப் பெருக வியாபாரமும் பெருகியது. ஆனால் மூலப்பொருள் முழுக்க வெளிநாட்டான் கையில். அவன் சொன்னதுதான் விலை.

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியது. 1915-ல் இத்தாலியும் போரில் இறங்கியது. கப்பல் வருமா வராதா என்பதே சந்தேகம். மாற்று வழி என்பது அதுவரை செலவுப் பட்டியலில் ஒரு வரி. இப்போது அது உயிர்ப் பிரச்சினை.

அந்தச் சமயத்தில் ஜேம்ஸ் க்யூரி என்ற உணவு வேதியியலாளர் ஃபைசருக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன் அமெரிக்க வேளாண் துறையில் பாலாடைக்கட்டியில் வளரும் பூஞ்சைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1917-ல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தத் தொழிலின் தலையெழுத்தை மாற்றியது. அவர் தேர்ந்தெடுத்த பூஞ்சையின் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர். பெயர்தான் பெரிது, ஆளை எல்லோருக்கும் தெரியும். வெங்காயத் தோலை உரிக்கும்போது கையில் கறுப்பாகத் தூள் ஒட்டுமே, பெரும்பாலும் அதுதான் இது!

வேமர் தோற்ற இடத்தில் க்யூரி எப்படி ஜெயித்தார்? இந்தப் பூஞ்சை கடுமையான புளிப்பிலும் வளரும். ஆகவே ஆரம்பத்திலேயே கரைசலை நன்றாகப் புளிக்கவைத்துவிட்டார். அந்தப் புளிப்பில் மற்ற நுண்ணுயிர்கள் தலைகாட்ட முடியாது. இவனுக்கு மட்டும் கொண்டாட்டம். சர்க்கரை நிறைய, மற்ற சத்துகள் அளவோடு என்று வைத்தால், பூஞ்சை தான் வளர்வதைக் குறைத்துக்கொண்டு அமிலத்தை வெளியே கொட்டுகிறது. போட்ட சர்க்கரையின் எடையில் பாதிக்கு மேல் சிட்ரிக் அமிலமாகத் திரும்பக் கிடைத்தது.

1919-ல் ஃபைசர் புரூக்ளினில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆழமில்லாத தட்டுகளில் சர்க்கரைக் கரைசல், அதன் மேல் விரித்த பாய்போலப் பூஞ்சை. இப்படி வரிசை வரிசையாகத் தட்டுகள். க்யூரியின் உதவியாளராக இருந்த ஜாஸ்பர் கேன் என்ற இளைஞர் பிறகு சர்க்கரைக்குப் பதில் அதைவிட மலிவான மொலாசஸை, அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப் பாகைப் பயன்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். செய்முறையின் நுணுக்கங்களை நிறுவனம் ரகசியமாகவே காத்துவந்தது.

பூஞ்சை கொடுத்த அமிலத்தைக் கரைசலிலிருந்து பிரிப்பது எப்படி? சுண்ணாம்பு போடு, படியவை, கந்தக அமிலம் ஊற்று. ஷீலேயின் 1784-ஆம் வருடத்து வழிதான்! இன்றும் உலகின் பல ஆலைகளில் அதே முறைதான் நடக்கிறது.

யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள்?

அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் ஐரோப்பாவிலும் பூஞ்சைத் தொழிற்சாலைகள் வந்தன. 1930-களில் உலகின் சிட்ரிக் அமிலத்தில் பெரும்பகுதி எலுமிச்சையிலிருந்து வரவில்லை. விலை சரிந்தது. சிசிலியின் சிட்ரேட்டுக்கு ஆளில்லை.

எலுமிச்சை மரத்தை வெட்டி வேறு மரம் வைக்கலாம் என்று சொல்வது சுலபம். மதிலும் கிணறும் வாய்க்காலும் எலுமிச்சைக்காகப் போட்ட முதல். அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. நிலையான மூலதனத்தின் ஆபத்து இதுதான். மெஸ்ஸினாவில் விலையை முடிவு செய்தவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விடலாம். அடிபட்ட பழத்தைக் கூடையில் பொறுக்கி விற்றவனுக்கும், சாறு பிழியும் கூலிக்கு நின்றவளுக்கும் போக வேறு இடம் ஏது? விலையை ஏற்றியபோது அவர்களைக் கேட்கவில்லை. விலை விழுந்தபோது விழுந்தது அவர்கள் தலையில்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பூஞ்சை வராமல் இருந்திருந்தால் சிட்ரிக் அமிலம் இன்றும் விலையுயர்ந்த சரக்காகவே இருந்திருக்கும். இன்று உலகம் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் சிட்ரிக் அமிலம் தயாரிக்கிறது. உலகில் விளையும் எலுமிச்சை முழுவதையும் பிழிந்தாலும் அதில் பாதி கூடத் தேறாது. பானம், ஜாம், மாத்திரை, சோப்புத்தூள் என்று எல்லாவற்றிலும் அது புகுந்ததற்குக் காரணம் அதன் மலிவு.

இன்னொரு நன்மையும் விளைந்தது. பூஞ்சையைத் தொழிற்சாலை அளவில் வளர்க்கக் கற்றுக்கொண்ட அனுபவம், இரண்டாம் உலகப் போரில் கைகொடுத்தது. பென்சிலினும் ஒரு பூஞ்சையின் தயவுதானே! ஜாஸ்பர் கேன் சொன்ன யோசனையின்படி, பெரிய தொட்டிகளில் காற்றைச் செலுத்தி, கரைசலுக்கு உள்ளேயே பூஞ்சையை வளர்க்கும் முறைக்கு ஃபைசர் மாறியது. புரூக்ளினில் ஒரு பழைய ஐஸ் ஃபேக்டரியை வாங்கி, 14 பெரிய தொட்டிகளை வைத்து, 1944 மார்ச் மாதத்தில் உற்பத்தியைத் தொடங்கினார்கள். ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகள் கொண்டுசென்ற பென்சிலினில் பெரும்பகுதி அந்த நிறுவனத்தில் தயாரானது. எலுமிச்சை விலைக்குப் பயந்து கற்ற வித்தை, எத்தனையோ சிப்பாய்களின் உயிரைக் காப்பாற்றியது.

பயந்தது எதற்கு, பயந்திருக்க வேண்டியது எதற்கு?

1976 வாக்கில் பிரான்சில் ஒரு துண்டுப் பிரசுரம் கைக்குக் கை மாறியது. தட்டச்சு செய்த ஒரு தாள். உணவில் சேர்க்கப்படும் பொருட்களின் பட்டியல். அதில் எல்லாவற்றையும் விட ஆபத்தானது, புற்றுநோய் தருவது என்று குறிக்கப்பட்டிருந்தது எது தெரியுமா? ஈ 330! வில்ஜுயிஃப் ஊரில் இருக்கும் புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனையின் பெயரைப் போட்டு அது பரவியது. மருத்துவமனை மறுத்தது. யார் கேட்டார்கள்? பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நகலெடுத்து நகலெடுத்துப் பல நாடுகளுக்குப் போனது. ழான்-நோயல் காப்ஃபரர் என்ற பேராசிரியர் இந்த வதந்தியை வைத்தே ஓர் ஆய்வு செய்தார்.

எலுமிச்சம்பழத்தில் இருப்பது எப்படிப் புற்றுநோய் தரும்? மனித உடலின் பெரும்பாலான செல்கள் சக்தியைப் பெறும்போது சிட்ரிக் அமிலத்தைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. 1937-ல் அதைக் கண்டுபிடித்த ஹான்ஸ் கிரெப்ஸ் பெயரால் அது 'கிரெப்ஸ் சுழற்சி' எனப்படுகிறது. ஜெர்மன் மொழியில் 'கிரெப்ஸ்' என்றால் புற்றுநோய் என்றும் பொருள். யாரோ எங்கோ பெயரைத் தப்பாகப் புரிந்துகொண்டதுதான் வதந்தியின் மூலம் என்று ஒரு விளக்கம் உண்டு. (பல்லில் அடிக்கடி பட்டால் எனாமல் தேயும் என்பது மட்டும் உண்மை. அது எல்லாப் புளிப்புக்கும் பொருந்தும்.)

ஆக, 330 என்ற எண்ணைப் பார்த்து ஜனங்கள் உடம்புக்குப் பயந்தார்கள். அவர்களுக்கு உண்மையில் நடந்த மோசடி உடம்பில் அல்ல, பாக்கெட்டில்.

நான்கு பேர், ஒரு மேஜை

1990-ல் ஃபைசர் தன் சிட்ரிக் அமில வியாபாரத்தை ஏ.டி.எம். என்ற அமெரிக்க வேளாண் பெருநிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அப்போது மேற்கு நாடுகளில் பெரிய தயாரிப்பாளர்கள் நான்கு பேர்: ஏ.டி.எம்., ஸ்விட்சர்லாந்தின் ஹாஃப்மன்-லா ரோஷ், ஜெர்மனியின் பேயர் குழுமத்தைச் சேர்ந்த ஹார்மன் அண்ட் ரைமர், பிறகு யுங்பன்ட்ஸ்லாவர்.

1991 மார்ச் மாதம் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் நால்வரின் ஆட்களும் சந்தித்தார்கள். போட்டி போட அல்ல, போட்டியை நிறுத்த. யாருக்கு எவ்வளவு சந்தைப் பங்கு, குறைந்தபட்சம் என்ன விலை என்று பேசி முடித்தார்கள். கோட்டாவைத் தாண்டி விற்றவர் மற்றவருக்கு ஈடுகட்ட வேண்டும் என்றுகூட ஏற்பாடு. பெரிய அதிகாரிகளுக்கு ஒரு கூட்டம், அவர்களுக்குக் கீழே விவரங்களைக் கவனிப்பவர்களுக்கு ஒரு கூட்டம். எல்லாம் முறைப்படி! இதற்குக் கார்டெல் என்று பெயர். ஏகபோகம் என்றால் ஒரே விற்பனையாளர். கார்டெல் என்றால் நாலு பேர் ஒருவனாக நடிப்பது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. இவர்களுக்கு நாலு வருடம் ஓடியது. ஏ.டி.எம். நிறுவனத்தில் லைசின் என்ற கால்நடைத் தீவனப் பொருளிலும் இதே திருட்டு நடந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த உயர் அதிகாரி ஒருவர் எஃப்.பி.ஐ.-க்கு உளவு சொல்லி, கூட்டங்களை ரகசியமாகப் பதிவு செய்துவந்தார். போட்டியாளர்தான் நண்பர், வாடிக்கையாளர்தான் எதிரி என்ற பொருளில் அந்த நிறுவனத்தின் தலைவரே பேசியது அப்படிப் பதிவானது. 1995 ஜூனில் சோதனை நடந்தது. லைசினைத் தேடிப் போனவர்கள் கையில் சிட்ரிக் அமிலமும் சிக்கியது.

1996-ல் ஏ.டி.எம். குற்றத்தை ஒப்புக்கொண்டது. இரண்டு பொருட்களுக்கும் சேர்த்து 10 கோடி டாலர் அபராதம். அதில் சிட்ரிக் அமிலத்துக்கு 3 கோடி. 1997-ல் ஹார்மன் அண்ட் ரைமர் 5 கோடி, ரோஷ் 1.4 கோடி, யுங்பன்ட்ஸ்லாவர் 1.1 கோடி டாலர் கட்டின. 2001 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் தன் பங்குக்கு ஐந்து நிறுவனங்கள் மீது மொத்தம் 13.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

அந்த நாலு வருடமும் ஏற்றிய விலையைக் கட்டியது யார்? முதலில் குளிர்பான நிறுவனங்களும் சோப்புத்தூள் நிறுவனங்களும். கடைசியில் பாட்டிலை வாங்கியவர்கள். ஒரு பாட்டிலுக்கு எத்தனை பைசா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அந்தத் திருட்டு பலித்தது.

மறுபடியும் அதே பாடம்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்த நான்கு பேரும் ஒரு விஷயத்தில் சிசிலிக்காரர்களைப் போலவே ஏமாந்தார்கள். அந்த மேஜையில் சீனாவுக்கு நாற்காலி இல்லை. இவர்கள் விலையை ஏற்றிப் பிடித்தபோது, சீன ஆலைகளுக்கு அது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததுபோல ஆயிற்று. அதே பூஞ்சை, அதே சுண்ணாம்பு, மலிவான மாவுப்பொருள், குறைந்த விலை. வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தார்கள்.

2008-ல் ஐரோப்பிய ஒன்றியம் சீன சிட்ரிக் அமிலத்துக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. 2009-ல் அமெரிக்காவும் சீனா, கனடா இரண்டின் மீதும் போட்டது. 2018-ல் பெல்ஜியம், கொலம்பியா, தாய்லாந்து ஆகிய நாடுகளும் அமெரிக்கப் பட்டியலில் சேர்ந்தன. ஒரு ஓட்டையை அடைத்தால் அடுத்த ஓட்டை. அதற்குள் உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் சீனாவின் கைக்குப் போய்விட்டது. ஒரு காலத்தில் மெஸ்ஸினாவில் கப்பல் வருமா என்று புரூக்ளினில் காத்திருந்தார்கள். இப்போது பல நாட்டுத் தொழிற்சாலைகள் சீனத் துறைமுகங்களைப் பார்த்துக் காத்திருக்கின்றன.

அப்படியானால் சீனாவின் முறையும் ஒருநாள் முடியுமா? விலை ஏறாதவரை யாரும் மாற்றுத் தேடப்போவதில்லை. ஏறினால் எங்கோ ஓர் ஆய்வகத்தில் யாரோ ஒருவர், இதுவரை யாரும் பொருட்படுத்தாத எதையோ ஒரு சட்டியில் வளர்த்துப் பார்ப்பார். 1893-ல் நடந்ததுபோல முதல் முயற்சி தோற்கவும் செய்யலாம். அதைப் பார்த்து, பிழைத்தோம் என்று நிம்மதியாகத் தூங்குவதுதான் ஆபத்து.

எலுமிச்சை மரங்கள் சிசிலியில் இன்றும் இருக்கின்றன. பழம் பழமாகவே விற்கிறது. அதற்கு என்றும் மதிப்பு உண்டு. அதன் புளிப்பு மட்டும் பிரிந்துபோய் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. லேபிளில் இருக்கும் 330 என்ற மூன்று இலக்கத்தில் சிசிலியும் இல்லை, பூஞ்சையும் இல்லை, பாசல் நகரத்து மேஜையும் இல்லை. அடுத்த முறை பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும்போது, உடம்புக்குக் கெடுதலா என்று கேட்பதோடு நிறுத்தாமல், இதன் விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.